ஐந்து ஸ்பீக்கரும் பாடுகிறது, பேச்சுதான் கேட்கவில்லை: ஒரு 5.1 வீட்டின் நிகழ்வு ஆய்வு

ஹோம் தியேட்டர் வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் புலம்பல் ஒன்றுதான். பேசுவது கேட்கவில்லையே என்று வால்யூமை ஏற்றினால் அடுத்த நிமிடம் ஏதோ வெடித்து வீடே அதிர்கிறது, உடனே ரிமோட்டைத் தேட வேண்டியிருக்கிறது. இதற்கு எல்லோரும் முதலில் கைவைப்பது சரவுண்டு மோடு பட்டனில். மூவி, மியூசிக், ஹால், ஸ்டேடியம் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து, எதில் சத்தம் அதிகமாகத் தெரிகிறதோ அதிலேயே விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அது கடைசியில் தொட வேண்டிய பட்டன். ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்குக் கொடுக்கும் ரிசீவருக்குள் என்ன வருகிறது, ஸ்பீக்கர் எங்கே நிற்கிறது, தூரமும் லெவலும் சரியா என்பதெல்லாம் ஒழுங்கானபிறகு மோடைத் தேர்ந்தெடுப்பது சில நிமிட வேலை. இதை ஒரே ஒரு வீட்டை வைத்து, என்ன இருந்தது, என்ன மாற்றினோம், ஏன் மாற்றினோம், எது இன்னும் தீரவில்லை என்று விவரமாகவே எழுதுகிறேன்.

இருந்த நிலை

நண்பர் ஒருவரின் வீட்டு ஹால். 5 மீட்டர் நீளம், 3.6 மீட்டர் அகலம். அகலம் குறைந்த சுவரில் டிவி, எதிர்ச் சுவரோடு ஒட்டி சோபா. ஒரு ஏவி ரிசீவர், முன்னால் இரண்டு டவர் ஸ்பீக்கர், டிவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் சென்டர், சின்னதாக இரண்டு சரவுண்டு, முன்பக்க இடது மூலையில் தாழ்ந்த ஒலிக்கான சப்வூஃபர் (சுருக்கமாக சப்). 5.1 என்பது இந்த ஐந்தும் ஒரு சப்பும்தான். பொருளில் ஒரு குறையும் சொல்ல முடியாது, எல்லாமே நல்ல சாமான்.

குறை சொன்னவர்கள் இரண்டு பேர், இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரான குறை. சோபாவின் வலது ஓரத்தில் உட்காரும் நண்பரின் அப்பா, “தம்பி, சண்டை நடந்தா தெருவுக்கே கேக்குது, பேசுறது மட்டும் கேக்க மாட்டேங்குது” என்றார். நடுவில் உட்காரும் நண்பரோ, “பேஸே வரலடா, சப் போயிடுச்சோன்னு தோணுது” என்றார். ஒரே சோபா, ஒரே படம். ஒருவருக்கு வீடு இடிகிறது, இன்னொருவருக்கு பேஸ் என்னும் தாழ்ந்த ஒலியே இல்லை. இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான் என்பது பிறகு அளந்தபோது தெரிந்தது.

மெனுவுக்குள் போய்ப் பார்த்தபோது இருந்தவை இவை (இவற்றின் பொருள் பின்னால் வரும்): மோடு ஆல் சேனல் ஸ்டீரியோ. முன் ஸ்பீக்கர்கள் ‘லார்ஜ்’. சப் ‘எல்எஃப்இ + மெயின்’. சரவுண்டு கிராஸ்ஓவர் 40 ஹெர்ட்ஸ். சப் லெவல் +9. சென்டர் லெவல் 0. தூரங்கள் எல்லாம் பெட்டியிலிருந்து எடுத்தபோது இருந்தபடியே, ஐந்துக்கும் ஒரே எண். பார்த்தவுடன் இதையெல்லாம் மாற்றத்தான் கை பரபரக்கும். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது ரிசீவரின் முகப்பில் தெரியும் உள்ளீட்டுத் தகவலை. அதில் ‘பிசிஎம் 2.0’ என்று இருந்தது, அதாவது இரண்டு சேனல் மட்டும் கொண்ட சாதாரண டிஜிட்டல் ஒலி.

உள்ளே வருவதே இரண்டு சேனல்தான்

அதாவது படத்தில் 5.1 ஒலி இருக்கிறது, டிவியில் ஓடும் ஆப்பும் 5.1 தான் அனுப்புகிறது, ஆனால் டிவி அதை இரண்டு சேனலாகச் சுருக்கி ஆப்டிகல் கேபிள் வழியாக ரிசீவருக்குத் தள்ளுகிறது. ரிசீவர் அந்த இரண்டையும் ஐந்து ஸ்பீக்கருக்கும் நகலெடுத்துக் கொடுக்கிறது. இப்படிச் சுருக்கும்போது சென்டரில் இருக்க வேண்டிய வசனம் இடது வலது இரண்டிலும் இசையோடும் சத்தத்தோடும் கலந்துவிடும். எல்எஃப்இ சேனல், அதாவது வெடி, இடி போன்ற தாழ்ந்த ஒலிக்கென்றே இருக்கும், 5.1-ல் அந்த ‘.1’, பெரும்பாலும் அப்படியே கைவிடப்படும். பேச்சு தனியாக நிற்காததற்கும், சப் பாதி வேலை இல்லாமல் நின்றதற்கும் முதல் காரணம் இதுதான். மோடு பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும், வராத சேனலை அது வரவைக்க முடியாது.

டிவியின் ஒலி மெனுவில் டிஜிட்டல் அவுட்புட் ‘பிசிஎம்’ என்று இருந்தது. டிவிகளில் இது ‘ஆட்டோ’, ‘பிட்ஸ்ட்ரீம்’, ‘பாஸ்த்ரூ’ என்று வெவ்வேறு பெயரில் இருக்கும், அதற்கு மாற்ற வேண்டும். கேபிளையும் ஆப்டிகலிலிருந்து எச்டிஎம்ஐ-க்கு மாற்றினோம். ஆப்டிகல் கேபிளில் இரண்டு சேனல் பிசிஎம் போகும், டால்பி டிஜிட்டலும் சாதாரண டிடிஎஸ்ஸும் 5.1-ஆகப் போகும். ஆனால் ஸ்ட்ரீமிங் ஆப்கள் அனுப்பும் டால்பி டிஜிட்டல் ப்ளஸ் அதில் போகாது, ப்ளூரேவில் இருக்கும், சுருக்கினாலும் தரம் இழக்காத வகைகளான ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ போகாது, 5.1 பிசிஎம்மும் போகாது. டிவியின் ஒலியை ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் எச்டிஎம்ஐ ஏஆர்சி இணைப்பில் டால்பி டிஜிட்டல் ப்ளஸ் போகும், அதோடு சேர்ந்து வரும் அட்மாஸ் (தலைக்கு மேலும் ஒலி காட்டும் வகை) தகவலும் போகும். இழப்பில்லாத ஒலி முழுதாகப் போக வேண்டுமானால் அதன் மேம்பட்ட வடிவமான இஏஆர்சி வேண்டும், அது எச்டிஎம்ஐ 2.1 தலைமுறையோடு வந்தது. டிவி, ரிசீவர் இரண்டிலும் இருந்தால்தான் பயன். இந்த வீட்டில் இரண்டும் ஏஆர்சி மட்டும் உள்ளவை, ஸ்ட்ரீமிங்குக்கு அதுவே தாராளம். ப்ளூரே பிளேயரை டிவியில் செருகாமல் நேராக ரிசீவரிலேயே செருகிவிட்டோம்.

அந்த பிளேயரில் இன்னொரு சின்ன விஷயம். ‘செகண்டரி ஆடியோ’ அல்லது ‘பிடி ஆடியோ மிக்ஸ்’ என்று ஒரு அமைப்பு ஆனில் இருக்கும். மெனு சத்தத்தையும் இயக்குநரின் விளக்கவுரையையும் படத்தின் ஒலியோடு கலப்பதற்காக வைத்தது. அது ஆனில் இருந்தால் இழப்பில்லாத ஒலியை அப்படியே அனுப்பாமல் பிளேயர் உடைத்துக் கலந்து மறுபடி சாதாரண டால்பியாகவோ டிடிஎஸ்ஸாகவோ கட்டி அனுப்பும். ஆஃப் செய்ததும் ரிசீவர் முகப்பில் ட்ரூஎச்டி என்று வந்தது. ஆப்களிலும் ஆடியோ டிராக்கைத் திறந்து பார்ப்பது நல்லது. ஒரே படத்தில் மூல மொழிக்கு 5.1 கொடுத்து டப்பிங்குக்கு இரண்டு சேனல் மட்டும் கொடுத்திருப்பது உண்டு.

இத்தனையும் செய்து ஒரு படத்தை ஓடவிட்டதும் ஹால் நிஜமாகவே நடுங்கியது. இதுவரை வராத எல்எஃப்இ இப்போது வந்துவிட்டது, சப்போ +9-ல் நிற்கிறது. எல்எஃப்இ சேனல் மற்ற சேனலைவிட 10 டெசிபெல் அதிகமாக ஒலிக்கும்படிதான் தரமே வகுக்கப்பட்டிருக்கிறது, அதன் மேல் இன்னும் 9 என்றால் எந்த சுவர் தாங்கும்? எல்லா லெவலையும் 0-க்குக் கொண்டுவந்து, மோடை நேரடி டால்பிக்கு மாற்றிவிட்டு, அதற்கு மேல் மெனுவைத் தொடாமல் எழுந்துபோய் ஸ்பீக்கர்களைப் பார்த்தோம்.

இடம்

ஒவ்வொரு ஸ்பீக்கராக இரைச்சலை ஒலிக்கும் டெஸ்ட் டோன் போட்டதும் முதல் விஷயம் வெளியே வந்தது: இடது சரவுண்டு என்று ரிசீவர் சொல்லும்போது வலதுபக்கம் இரைந்தது. வயர் மாறியிருக்கிறது. ஐந்திலும் ஒரே சத்தம் வரும் மோடில் இதை எத்தனை வருடம் ஆனாலும் யாரும் கண்டுபிடிக்க முடியாது. மாற்றிப்போட்டோம். அப்படியே எல்லா வயரிலும் பிளஸ் மைனஸ் சரியா என்று இரு முனையிலும் பார்த்துக்கொண்டோம்.

சென்டர் ஸ்பீக்கர் தட்டுக்குள் நன்றாக உள்ளே தள்ளிவைக்கப்பட்டு, உட்கார்ந்திருப்பவர்களின் முழங்காலைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தது. படத்தின் வசனத்தில் பெரும்பகுதி இந்த ஒரு பெட்டியிலிருந்து வருகிறது, அதைக் குகைக்குள் வைத்தால் முதலில் ஒலி தட்டின் மேலும் கீழும் மோதி மங்கித்தான் வெளியே வரும். தட்டின் விளிம்புவரை, ஒரு துளி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி இழுத்து, முன்பக்கத்துக்கு அடியில் இரண்டு ரப்பர் துண்டு வைத்து காதை நோக்கி நிமிர்த்தினோம். மொத்த வேலையிலும் அப்பாவுக்கு அதிகம் உதவியது இந்த இரண்டு ரப்பர் துண்டுதான் என்று நினைக்கிறேன். அந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு ‘ச’வும் ‘ஷ’வும் தனித்தனியாகக் காதில் விழ ஆரம்பித்தன.

5.1-க்கான ஐடியு (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) பரிந்துரையில் முன் ஸ்பீக்கர்கள் நடுக்கோட்டிலிருந்து 30 டிகிரியிலும், சரவுண்டுகள் 100 முதல் 120 டிகிரிக்குள்ளும் இருக்க வேண்டும். 3.6 மீட்டர் அகல ஹாலில் இவ்வளவு பின்னால் உட்கார்ந்துகொண்டு 30 டிகிரி கிடைக்காது. பக்கச் சுவரிலிருந்து அரை மீட்டர் விட்டால் 20 டிகிரிக்குப் பக்கத்தில்தான் வரும். பரவாயில்லை, ஸ்பீக்கரைச் சுவரோடு ஒட்டி கோணத்தைக் கூட்டுவதைவிடச் சுவரிலிருந்து விலகி நிற்பது மேல். சரவுண்டுகளை மட்டும் விட்டுவைக்க முடியவில்லை. ஒன்று ஜன்னல் பக்கம் சோபாவுக்கு முன்னாலேயும், இன்னொன்று பின்மூலையில் கூரைக்குப் பக்கத்திலும் இருந்தது. சோபாவை அரை மீட்டர் முன்னே இழுத்தால் தலை முன்சுவரிலிருந்து 4.2 மீட்டரில் வரும். அங்கிருந்து பார்த்தால் பக்கச் சுவரில் 110 டிகிரி என்பது தலைக்கு ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் பின்னால் விழும். இரண்டையும் அந்த இடத்தில், காது மட்டத்துக்குச் சற்று மேலே மாட்டினோம்.

சோபாவை இன்னும் முன்னே கொண்டுபோகலாமே என்று நண்பர் கேட்டார். போகலாம், ஆனால் 3.75 மீட்டரில் நிறுத்தக் கூடாது. ஏன் என்பது அடுத்து வருகிறது.

ஒரே சோபாவில் இரண்டு பேஸ்

நான் அதிக நேரம் செலவழித்தது இந்தப் பகுதியில்தான், செலவழித்த நேரத்துக்குப் பலனும் இங்கேதான். அறையில் இணையான இரண்டு சுவர்களுக்கு இடையே சில அதிர்வெண்கள் நின்றலைகளாக மாட்டிக்கொள்ளும். முதல் அதிர்வெண்ணைக் கணக்கிடுவது எளிது: ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர், அதைச் சுவர்களுக்கு இடையிலான தூரத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் போதும். இந்த ஹாலின் 5 மீட்டர் நீளத்துக்கு 34 ஹெர்ட்ஸ், 3.6 மீட்டர் அகலத்துக்கு 48 ஹெர்ட்ஸ். அந்த அதிர்வெண்ணில் சுவரோரம் அழுத்தம் உச்சத்தில் இருக்கும், சரியாக நடுவில் கிட்டத்தட்ட ஒன்றுமே இருக்காது. நீளவாக்கில் இரண்டாவது அலை 69 ஹெர்ட்ஸ். அதற்கு வெற்றிடம் நீளத்தின் கால்பங்கிலும் முக்கால்பங்கிலும், அதாவது 1.25 மீட்டரிலும் 3.75 மீட்டரிலும். அதனால்தான் சோபாவை அங்கே நிறுத்தக் கூடாது என்றேன்.

இப்போது அந்த இரண்டு குறைகளையும் பாருங்கள். நண்பர் சோபாவின் நடுவில், அதாவது அகலத்தின் சரியான மையத்தில் உட்காருகிறார். 48 ஹெர்ட்ஸ் அவருக்கு இல்லை. கிக் டிரம்மின் கனம், வெடிச் சத்தத்தின் உடம்பு எல்லாம் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. அப்பா வலதுசுவர் ஓரம் உட்காருகிறார், அதே 48 ஹெர்ட்ஸ் அவர் மேல் முழுசாக இறங்குகிறது. நண்பர் தனக்குக் கேட்கவில்லை என்று சப்பை ஏற்ற ஏற்ற அப்பாவுக்கு வசனம் மூழ்கிக்கொண்டே போயிருக்கிறது. சப்பை மூலையில் வைத்தால் அறையின் எல்லா நின்றலைகளையும் அது முழு வேகத்தில் தூண்டும், இந்த வீட்டில் நடந்ததும் அதுதான்.

இதை ஈக்வலைசரால் தீர்க்க முடியாது. அப்பாவின் இடத்தில் குறைத்தால் நண்பருக்கு இன்னும் குறையும், நண்பருக்குக் கூட்டினால் வெற்றிடத்தில் போட்ட சக்தி எல்லாம் வீணாகி அப்பாவின் பக்கம் போய் விழும். இடத்தை மாற்றுவதுதான் வழி. சப்பை நண்பர் உட்காரும் இடத்திலேயே வைத்து, பேஸ் ஒரே சீராக ஓடும் ஒரு பாட்டைப் போட்டு, முன்சுவர் ஓரமாகத் தரையோடு குனிந்து நகர்ந்து எங்கே எந்த சுரமும் தூக்கலாகவோ காணாமலோ போகவில்லை என்று கேட்டோம். நல்லதாகக் கேட்ட இடம் மூலையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, டவருக்கும் டிவி ஸ்டாண்டுக்கும் நடுவே. கணக்கும் அதையே சொல்கிறது. அகலத்தின் மையத்தை நோக்கி நகர நகர சப் அந்த 48 ஹெர்ட்ஸைத் தூண்டுவது குறையும், ஒரு மீட்டரில் அது மூலையைவிட 4 டெசிபெல் அளவுக்குக் குறைவு. அப்பா பக்கம் இரைச்சல் தணிந்தது. நண்பருக்கு 48 இன்னும் முழுதாகத் திரும்பவில்லை, ஆனால் சுற்றியுள்ள அதிர்வெண்கள் சீரானதால் பேஸ் இல்லை என்ற எண்ணம் போய்விட்டது.

தூரம், கிராஸ்ஓவர், லெவல்

இடம் முடிவானபிறகே ஆட்டோ கேலிபரேஷன், அதாவது ரிசீவரே மைக் வைத்து ஸ்பீக்கர்களின் தூரத்தையும் லெவலையும் அளந்து சரிசெய்வது. மைக்கை கேமரா ஸ்டாண்டில் காது மட்டத்தில் வைத்தோம். சோபா முதுகில் சாய்த்துவைத்தால் மெத்தையின் எதிரொலியையும் சேர்த்து அளந்துவிடும். மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலை மூடி, முதல் அளவு நடு இருக்கையில், மற்ற அளவுகள் அதைச் சுற்றி.

முடிவைக் கண்ணை மூடி ஏற்றுக்கொள்ளாமல் டேப் வைத்துச் சரிபார்க்க வேண்டும். முன் ஸ்பீக்கர் 3.9 மீட்டர், சரவுண்டு 1.9 மீட்டர், இரண்டும் டேப்போடு ஒத்துப்போயின. ஒலி ஒரு மீட்டர் போக 2.9 மில்லிசெகண்டு ஆகும். ஆக 2 மீட்டர் வித்தியாசம் என்பது 6 மில்லிசெகண்டு. இரண்டு இடத்திலிருந்து ஒரே ஒலி வந்தால் முதலில் வந்து சேர்வதன் பக்கமே காது திரும்பும், அதனால் தூரத்தைச் சரியாகக் கொடுக்காதபோது சரவுண்டு முந்திக்கொண்டு கவனத்தைப் பின்னால் இழுத்தது. சப்புக்கு டேப் 4.0 மீட்டர் சொல்ல ரிசீவர் 5.4 மீட்டர் சொன்னது. இது பிழை என்று பலர் 4.0-க்கு மாற்றிவிடுவார்கள், தயவுசெய்து மாற்றாதீர்கள். சப்புக்குள் இருக்கும் ஃபில்டரும் ஆம்பும் ஒலியைத் தாமதப்படுத்தும், அந்த 4 மில்லிசெகண்டையும் ரிசீவர் தூரமாகவே கணக்கில் எடுக்கிறது. அது சரியான எண்.

ரிசீவர் டவர்களை மறுபடி ‘லார்ஜ்’ என்றே போட்டிருந்தது, அதை மட்டும் கையால் ‘ஸ்மால்’ என்று மாற்றி கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வைத்தேன். இதில் நிறையப் பேருக்கு மனசு ஒப்பாது, பெரிய டவரை வாங்கிவிட்டு ‘ஸ்மால்’ என்று வைப்பதா என்பார்கள். நடப்பது இவ்வளவுதான்: அந்த ஸ்பீக்கருக்குப் போகும் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழான பேஸ் சப்புக்குத் திருப்பிவிடப்படும். அந்த வேலைக்கென்றே செய்த ஸ்பீக்கர், நாம் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த இடத்தில் நின்று, தன் சொந்த ஆம்பில் அதை ஒலிக்கும். ரிசீவரின் ஆம்புக்குச் சுமை குறையும், டவரின் நடுத்தர ஒலியும் தெளியும். 80 என்பது டிஎச்எக்ஸ் என்ற சினிமா ஒலித் தரத்தின் காலத்திலிருந்தே நிலைத்த எண், அதற்குக் கீழே ஒலி எங்கிருந்து வருகிறது என்று காதுக்குப் பிடிபடுவது கடினம் என்பதுதான் காரணம். சின்ன சரவுண்டுகளை 40-ல் விட்டால் அவற்றால் ஒலிக்கவே முடியாத பேஸை அவற்றிடம் கொடுத்துத் தொலைக்கிறோம், அவற்றை 100-க்கு ஏற்றினோம். முன் ஸ்பீக்கர்களின் பேஸைச் சப்பிலும் நகலெடுத்து ஒலிக்கும் ‘எல்எஃப்இ + மெயின்’ ஆஃப், வெறும் ‘எல்எஃப்இ’ போதும். இரண்டு இடத்திலிருந்து ஒரே பேஸ் வந்தால் சில அதிர்வெண்ணில் கூடும், சிலவற்றில் ஒன்றையொன்று அழிக்கும். எல்எஃப்இ லோபாஸ் (அதற்கு மேலான ஒலியை வெட்டும் வரம்பு) 120, அந்தச் சேனல் 120 ஹெர்ட்ஸ்வரை போகும் என்பதால் அதைக் குறைக்க வேண்டாம். சப்பின் முதுகில் இருக்கும் கிராஸ்ஓவர் திருகை முழுக்கத் திருப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு ஃபில்டர் ஒன்றன்மேல் ஒன்று விழும்.

லெவலுக்கு டெஸ்ட் டோனில் ஒவ்வொரு சேனலும் 75 டெசிபெல், ஒலி அளவு மீட்டரில் ‘சி வெயிட்டிங்’, ‘ஸ்லோ’ என்ற அமைப்புகள். மொபைல் ஆப் வைத்தும் முதல் ஐந்து சேனலை ஒன்றோடொன்று ஒப்பிடலாம், சப்புக்கு மட்டும் அதை நம்பாதீர்கள், போன் மைக் தாழ்ந்த ஒலியில் கைவிட்டுவிடும். அப்பாவுக்காக சென்டரை 1.5 டெசிபெல் கூட்டினேன். சரவுண்டு ‘கேட்கவே மாட்டேங்குது’ என்று கூட்டச் சொன்னார் நண்பர். நான் கூட்டவில்லை. நல்ல படத்தில் சரவுண்டு பெரும்பாலான நேரம் சும்மாதான் இருக்கும், அது பேச வேண்டிய இடத்தில் பேசினால் போதும். எப்போதும் காதில் விழுந்துகொண்டே இருக்கும் சரவுண்டு திரையிலிருந்து கவனத்தைப் பிடுங்கும்.

கடைசியாக மோடு

இப்போது மோடு. முடிவெடுக்க எனக்கு ஒரு கேள்வி போதும்: உள்ளே வருவது எத்தனை சேனல்?

5.1 வந்தால் அதை அப்படியே விடுங்கள். ரிசீவரில் டால்பி டிஜிட்டல், டிடிஎஸ், ஸ்ட்ரெயிட் என்று எந்தப் பெயரில் இருந்தாலும் சரி, கலவை செய்தவர் எந்தச் சேனலில் வைத்தாரோ அந்த ஸ்பீக்கரில் வரட்டும். ‘டைரக்ட்’, ‘ப்யூர் டைரக்ட்’ என்பவற்றில் மட்டும் கவனம். பல ரிசீவர்களில் அவை ரூம் கரெக்ஷனை (மைக்கால் அளந்து அறைக்கேற்ப ஒலியைத் திருத்துவதை) ஒதுக்கிவிடும், சிலவற்றில் கிராஸ்ஓவரையும் சேர்த்து ஒதுக்கிவிடும். இத்தனை நேரம் செய்ததெல்லாம் ஒரு பட்டனில் போய்விடும்.

இரண்டு சேனல் படமோ சீரியலோ வந்தால் டால்பி சரவுண்டு, இல்லாவிட்டால் டிடிஎஸ் நியூரல்:எக்ஸ். பழைய ரிசீவரில் புரோ லாஜிக் 2 மூவி. இவை ஐந்திலும் நகலெடுப்பதில்லை. இடதிலும் வலதிலும் ஒரே மாதிரி, ஒரே ஃபேஸில் (அலைகள் ஒன்றாக ஏறி இறங்கும்படி) இருப்பதைச் சென்டருக்கு அனுப்பும், எதிர் ஃபேஸில் இருப்பதைப் பின்னால் அனுப்பும். வசனம் எப்போதும் இரண்டிலும் ஒரே அளவாக இருப்பதால் அழகாகச் சென்டரில் போய் உட்காரும். மோனோவாக இருக்கும் பழைய படம் முழுக்கச் சென்டரிலேயே வரும், மற்ற நான்கும் ஊமையாக நிற்கும். பயப்பட வேண்டாம், அதுதான் சரி.

பாட்டுக்கு என் தேர்வு ஸ்டீரியோ, சப்போடு. நண்பருக்கு டால்பி சரவுண்டில், சென்டர் ஒலியை இடது வலதுக்கும் பரப்பும் சென்டர் ஸ்ப்ரெட்டை ஆன் செய்து கேட்பது பிடித்துப்போனது, அதுவும் கெடுதல் இல்லை. ஹால், ஸ்டேடியம், கிளப் மாதிரியானவை இல்லாத எதிரொலியைச் சேர்ப்பவை. கச்சேரிப் பதிவுக்கு வேண்டுமானால் ஒரு முறை முயன்று பார்க்கலாம், படத்துக்கு வைத்தால் வசனம் கிணற்றுக்குள்ளிருந்து வரும். ஆல் சேனல் ஸ்டீரியோவுக்கும் ஓர் இடம் உண்டு. வீடு நிறைய ஆட்கள் நடமாடும் நாளில், எங்கே நின்றாலும் ஒரே அளவு பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் அதுதான் பொருத்தம். அந்தக் கூட்டம் கலைந்ததும் மாற்றிவிட வேண்டும்.

பெரும்பாலான ரிசீவர்கள் ஒவ்வொரு உள்ளீட்டுக்கும், பலவற்றில் ஒவ்வொரு ஒலிவகைக்கும், மோடைத் தனியாக நினைவில் வைக்கும். ஆகவே ஒவ்வொன்றையும் ஒரு முறை ஓடவிட்டு மோடை வைத்துவிட்டோம், இனி யாரும் அந்தப் பட்டனைத் தொட வேண்டியதில்லை.

இரவு நேரத்துக்குத் தனி ஏற்பாடு தேவைப்பட்டது. தியேட்டருக்கென்று வகுத்த ரெஃபரன்ஸ் அளவில் ஒரு சேனலின் உச்சம் 105 டெசிபெல், எல்எஃப்இ 115. எந்த வீட்டிலும் யாரும் அப்படிக் கேட்பதில்லை, மாஸ்டர் வால்யூமில் -20, -25-ல்தான் கேட்கிறோம். அவ்வளவு குறைத்ததும் மெல்லிய வசனம் அறையின் சத்தத்துக்குள் போய்விடும், வெடி மட்டும் மிஞ்சும். இதற்கென்றே டால்பியில் டைனமிக் ரேஞ்சு கம்ப்ரெஷன் இருக்கிறது, ‘நைட் மோடு’ என்றும் பெயர். மெல்லியதை ஏற்றி உரத்ததை இறக்கும். இரவுக்கு அதை நடுநிலையில் ஆன், சப் 3 டெசிபெல் குறைவு. பகலில் ஆஃப். ரிசீவரில் டைனமிக் ஈக்யூ போல ஒன்று இருந்தால் அதுவும் குறைந்த வால்யூமில் உதவும், ஏனென்றால் ஒலி குறையக் குறைய நம் காது பேஸைத்தான் முதலில் இழக்கும். ஒலி ஆய்வாளர்கள் பிளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிய விஷயம் இது. ஆடிசி என்ற ரூம் கரெக்ஷன் வகையின் டைனமிக் ஈக்யூ சரவுண்டையும் சேர்த்து ஏற்றும், உறுத்தினால் சரவுண்டை ஒன்றிரண்டு டெசிபெல் இறக்கிக்கொள்ளலாம்.

உதடும் பேச்சும் ஒட்டவில்லை என்று ஒரு புகார் இடையில் வந்தது. டிவி படத்தை மெருகேற்ற நேரம் எடுப்பதால் ஒலி முந்திவிடுகிறது. ஒலி 45 மில்லிசெகண்டு முந்தினாலே ஆட்களுக்குத் தெரிந்துவிடும், பிந்தினால் 125 வரை தெரியாது என்கிறது ஐடியுவின் பரிந்துரை. ரிசீவரின் ஆடியோ டிலேயை ஒருவர் நேராகப் பார்த்துப் பேசும் காட்சியில் சிறிது சிறிதாகக் கூட்டி, 60-ல் நிறுத்தினோம்.

தீராதவை இரண்டு. சென்டரும் டவர்களும் வேறு வேறு வரிசையைச் சேர்ந்தவை, அதனால் ஒரு கார் இடமிருந்து வலமாகக் கடக்கும்போது நடுவில் அதன் குரல் மாறுகிறது. ரூம் கரெக்ஷன் பாதியைத்தான் மறைத்தது, ஒரே வரிசைச் சென்டர் வந்தால்தான் மீதி சரியாகும். இன்னொன்று அந்த 48 ஹெர்ட்ஸ், அப்பாவுக்கும் நண்பருக்கும் இடையே வித்தியாசம் குறைந்திருக்கிறதே தவிர மறையவில்லை. இதற்கு ஒழுங்கான விடை இரண்டாவது சப். ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்டி 2002-ல் வெளியிட்ட ஆய்வில், எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் இரண்டு சப் வைத்தால் இருக்கைக்கு இருக்கை பேஸ் வேறுபாடு வெகுவாகக் குறைகிறது என்று காட்டியிருக்கிறார். இந்த ஹாலுக்கு இடது, வலது சுவர்களின் மையம் என்றால் இன்னும் பொருத்தம், ஏனென்றால் இரண்டும் ஒரே ஃபேஸில் தள்ளும்போது அகலவாக்கில் வரும் அந்த முதல் அலையை இரண்டும் சேர்ந்து அழித்துவிடும். வலதுசுவரின் மையத்தில் இப்போது கதவு இருக்கிறது, சப்பைச் சற்று விலக்கி எங்கே வைக்கலாம் என்று அளந்துகொண்டிருக்கிறோம்.